நாய்க்குட்டி வியாபாரமும் சட்டமும்

தண்டனையைக் கண்டு குற்றவாளி நகைப்பானாகில் அச்சட்டம் இருந்தும் இல்லாததேயாம். நாய்களை ஈனச் செய்து குட்டிகளை விற்கும் வியாபாரத்தை ஒழுங்குபடுத்த இந்திய சர்க்கார் 2017-ம் வருஷம் மே மாதத்தில் பிறப்பித்த விதிகளின் நிலைமை இதுவே.

விதிகளில் குறை காண்பதற்கில்லை. 18 மாதம் நிரம்பாத பெட்டையையும், எட்டு வயது கடந்ததையும் ஈனச் செய்யலாகாது. வருஷத்திற்கு ஓர் ஈற்றுக்கு மேலும், ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் கூடாது. எட்டு வாரமாகாத குட்டியை விற்கலாகாது. இத்தொழில் செய்வோர் மாநிலப் பிராணிநல வாரியத்தில் பதிவு செய்துகொண்டு, கணக்கேடுகளும் வைத்திருக்க வேண்டும். வாயில்லாப் பிராணிக்கு இதனினும் குறைந்த நீதி யாது?

மீறினால் என்ன நேரும்? பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். தாய்ச் சட்டமாகிய 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு, விதி மீறுவோருக்கு வகுத்த அபராதமோ 100 ரூபாய்க்கு மேற்படாது. மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஆயினும் அபராதத்தோடு விட்டுவிடவும் நீதிபதிக்கு அதிகாரமுண்டு. 1960-ல் 100 ரூபாய் ஒரு தொகையே. 2017-ல் விதிகள் பிறந்தபோதும் அது திருத்தப்படவில்லை. ஆகவே, சட்டத்திற்கு அடங்கியவன் செலுத்துவது, அடங்காதவன் செலுத்தக்கூடிய அபராதத்தைப் போல் 50 மடங்கு! பதிவை ரத்து செய்யலாமே என்பர் சிலர். பதிவே செய்யாதவனிடம் ரத்து செய்வதற்கு என்ன இருக்கிறது?

மறுபக்கத்தையும் கூறுவோம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நம் நாட்டு ஜாதி நாய்களைப் பேணி வருவோரில் சிற்றூர்க் குடியானவர் பலர். வருஷத்தில் ஓர் ஈற்று விற்பவனுக்கும், கூண்டு கூண்டாய் அடைத்துப் பெருக்குபவனுக்கும் ஒரே கட்டணம் நியாயமாகாது. தொழிலின் அளவுக்கேற்பக் கட்டணம் வகுத்தால் பதிவு பெருகும். பதிவு பெருகினால் பரிசோதனை எளிதாகும். சம்பந்தப்பட்டவரைக் கலவாமல் 2024 மார்ச்சில் 23 ஜாதி நாய்களுக்குத் தடை கூறிய இந்திய சர்க்காரின் சுற்றறிக்கையை, அடுத்த மாதமே கர்நாடக ஹைக்கோர்ட் ரத்து செய்தது. அவசரத் தடையால் ஆவது ஒன்றுமில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

1960-ம் வருஷத்துச் சட்டத்திற்கு ராஜ்ய சபையில் வித்திட்டவர் சென்னை ருக்மிணி தேவி அருண்டேல். அவர் இட்ட வித்துக்கு வேலி அமைப்பது பார்லிமெண்டின் கடமை. வேலியைக் காப்பது மாநில சர்க்கார்களின் கடமை. குட்டி வாங்குவோருக்கும் ஒரு கடமையுண்டு. பணத்தை எடுக்குமுன் பதிவுப் பத்திரத்தைக் கேளுங்கள். குட்டியை ஈன்ற தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவனிடம் வாங்காதீர்கள்.