மல்லாட்டைக் கொல்லையும் டபுள் பாதுகாப்பும்!

"ஏம்மா, ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் எழுதுறியே... இந்தப் பூஞ்சை மாவு விக்கிறானுங்களே, அதைப் பத்தி ஒண்ணு எழுதக் கூடாதா? எல்லாம் ஏமாத்து வேலை!"

போன வருடம் போனில் அப்பா போட்ட சத்தம் இது.

திருவண்ணாமலைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கொல்லை. ஆடிப்பட்டத்தில் மல்லாட்டைதான். (உங்கள் ஊரில் வேர்க்கடலை!) இரண்டு வருடமாகச் செடிகள் திட்டுத் திட்டாக வாடிச் செத்தன. பிடுங்கிப் பார்த்தால் தண்டின் அடியில் வெள்ளை நூல் படர்ந்து, நடுவில் கடுகு போல உருண்டைகள். தண்டழுகல் நோய். ஸ்கிளரோஷியம் என்ற பூஞ்சையின் வேலை. அந்தக் கடுகு உருண்டைகள் மண்ணிலேயே வருடக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த பட்டத்துக்கும் வந்துவிடும்.

யாரோ சொன்னார்கள் என்று அப்பா 'டிரைக்கோடெர்மா விரிடி' பாக்கெட் வாங்கி, விதைநேர்த்தி செய்து விதைத்தார். அப்படியும் செடிகள் செத்தன. அதற்குத்தான் அந்தக் கோபம். விதைக்கும் உழவுக்கும் நகையை அடகு வைத்திருந்தார்கள். கோபம் வராதா?

ஊருக்குப் போனபோது கேட்டேன். "பாக்கெட்டை எங்கப்பா வெச்சிருந்தீங்க?"

"மோட்டார் கொட்டாயில, தகரத்துக்குக் கீழ. மாசியிலேயே வாங்கிட்டேனே!"

"விதையில வேற ஏதாவது கலந்தீங்களா?"

"கார்பென்டாசிமும் சேர்த்துப் புரட்டினேன். டபுள் பாதுகாப்பு!"

சிரிப்பதா, அழுவதா?

அது மருந்து இல்லை, உயிர்!

டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். ஆனால், நம் பக்கம் நிற்கும் பூஞ்சை. நோய்ப் பூஞ்சையின் இழையைக் கொடி மாதிரி சுற்றிக்கொண்டு, நொதிகளைச் சுரந்து அதன் சுவரைக் கரைத்து உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். வேரைச் சுற்றி முதலிலேயே குடியேறி, எதிரிக்கு இடமும் சாப்பாடும் இல்லாமல் செய்துவிடும். இது மற்ற பூஞ்சைகளைத் தின்கிறது என்று வெய்ன்டிலிங் என்ற ஆய்வாளர் 1932-லேயே எழுதிவிட்டார்.

கடையில் விற்பது டால்க் பவுடரில் கலந்த அதன் வித்துகள். ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது விதி. கோடை முழுக்கத் தகரச் சூட்டில் வெந்தால் அதில் எத்தனை மிஞ்சும்? மிஞ்சியதையும் கார்பென்டாசிம் முடித்துவிட்டது. பூஞ்சைக்கொல்லிக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று பார்க்கத் தெரியாது. ஆக, அப்பா விதையில் பூசியது கிட்டத்தட்ட வெறும் பவுடர்!

என்ன செய்ய வேண்டும்?

* வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பொதுவாக ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். வெயில் படாத, குளுமையான இடத்தில் வையுங்கள்.

* ஒரு கிலோ விதைக்கு 4 கிராம். விதைப்பதற்கு முன்பு, தோல் உரியாமல் மெதுவாகப் புரட்டி நிழலில் உலர்த்துங்கள்.

* மண்ணில் இட ஏக்கருக்கு ஒரு கிலோ. மக்கிய தொழு உரத்தோடு கலந்து, ஈரம் இருக்கும்போது போடுங்கள். காய்ந்த மண்ணில் அது வளராது.

* ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு சேர்க்கவே கூடாது.

* இது வருமுன் காப்பதற்கு. அழுகிய செடியை எழுப்பாது.

மாடித் தோட்டத்தில் மிளகாய், தக்காளி நாற்று அழுகிச் சாய்கிறதா? அடுத்த முறை விதைக்கும் முன்பே மண்கலவையில் தொழு உரத்தோடு இதையும் சேர்த்துவிடுங்கள். வீட்டில் காளான் வளர்ப்பவர்கள் மட்டும் உஷார்! காளானும் பூஞ்சைதானே? அங்கே இதே டிரைக்கோடெர்மாதான் 'பச்சைப் பூசணம்' என்கிற வில்லன்.

இந்த ஆடியில் அப்பா பாதிக் கொல்லையில் கம்பு போட்டார். மீதியில், சொன்னபடி விதைநேர்த்தி செய்து மல்லாட்டை விதைத்தார். செத்த திட்டுகள் இல்லாமல் போகவில்லை, குறைந்திருக்கின்றன. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது.

போன வாரம் போன் செய்தார். "மார்கழிப் பட்டத்துக்குப் பாக்கெட் வாங்கியாந்துட்டேம்மா. தேதி பார்த்துதான் வாங்கினேன்."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"உள்ள, தண்ணிப் பானை பக்கத்துல. உங்கம்மா கோலமாவுன்னு எடுத்துடாம பார்த்துக்கணும்!"