குட்டிப் பருவம் மட்டும் போதுமா?

எனது சாச்சாவின் குடும்பம் லண்டனில் இருக்கிறது. சென்ற வருடம் அவருடைய பன்னிரண்டு வயது மகனுக்கு ஒரு பாம்புக்குட்டி வாங்கிக் கொடுத்தார்கள். 'போல் பைத்தன்' எனப்படும் ஆபிரிக்க மலைப்பாம்பு அது. நஞ்சில்லாதது. பயந்தால் தலையை உள்ளே மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். அங்கே கடைகளில் விற்கிறார்களாம். வீடியோ அழைப்பில் அதைக் கண்டதும் உம்மா கைத்தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

சில மாதங்களில் சாச்சி பதற்றத்தோடு அழைத்தார். பாம்பின் தோல் மங்கி, கண்கள் பால் படிந்ததுபோல் ஆகிவிட்டன. எலியைத் தொடவுமில்லை. "ஏதோ நோய். கடைக்கே திருப்பிக் கொடுக்கப் போறோம்" என்றார். நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பதால் என்னிடம் கேட்டார்கள். (எங்கள் பாடத்திட்டத்தில் பாம்பு வளர்ப்பு இல்லை என்பது வேறு விடயம்.) தேடிப் படித்தபோது அது தோலுரிக்கத் தயாராகிறது என்று தெரிந்தது. பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் தோலோடு சேர்ந்தே கழரும். பழந்தோலுக்கும் புதுத்தோலுக்கும் இடையில் திரவம் ஊறும்போதுதான் கண் அப்படி மங்குகிறது. வேகமாக வளரும் குட்டிகள் அடிக்கடி உரிக்கும், வளர்ந்தவை அவ்வளவு உரிக்காது. பத்து நாட்களில் அது தன் சட்டையை ஒரே துண்டாகக் கழற்றிப் போட்டது.

பிழை பிள்ளையுடையதல்ல, பெரியவர்களுடையது என்பேன். ஓரடி நீளக் குட்டியை வாங்கியவர்கள், அது சில வருடங்களில் நான்கடியாகும் என்பதையோ, இருபது முப்பது வருடங்கள் வாழும் என்பதையோ யோசிக்கவில்லை. அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961இல் ஒருவர் கொடுத்த இதே இனப் பெண் பாம்பு 2020இல் 7 முட்டைகள் இட்டது. அப்போது அதற்கு 62 வயதாவது இருக்கும் என்றார்கள்!

வளர்ந்த பாம்பு வேண்டாதுபோனால் என்ன நடக்கும் என்பதற்குப் புளோரிடா சாட்சி. செல்லப்பிராணிகளாக விற்கப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் பத்தடிக்கு மேல் வளர்ந்ததும், சிலர் அவற்றை வெளியில் விட்டுவிட்டார்கள். சில தாமே தப்பின. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அவை பெருகி, அங்கிருந்த பாலூட்டிகளைப் பெருமளவு அழித்துவிட்டன. 2012இல்தான் அமெரிக்கா அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

நாங்களும் குறைந்தவர்களல்ல. பூனைக்குட்டியைக் கொஞ்சிவிட்டு, அது பெரிதாகிக் குட்டி போட்டதும் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுவருபவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள்.

எந்த உயிரை விற்றாலும் அது எவ்வளவு வளரும், எத்தனை வருடம் வாழும் என்று எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அதை வாசித்த பிறகும் வேண்டுமென்றால் பெற்றோர் வாங்கிக் கொடுக்கட்டும்.

கடைசியாகப் பேசியபோது சாச்சாவிடம் கேட்டேன்: "இன்னும் ஆறு வருஷத்தில் தம்பி யுனிவர்சிட்டிக்குப் போயிடுவான். அப்ப பாம்பை யார் பார்க்கிறது?"

சாச்சா சிரித்தார். சாச்சி சிரிக்கவில்லை.