தொழுகை வரிசைக்கு வெளியே

சமய நல்லிணக்கத்திற்கென மேடைகள் நம் நாட்டில் பெருகிவிட்டன. பாதிரியார் ஒருவர், மடத்துத் துறவி ஒருவர், ஆலிம் ஒருவர் என மூவரும் அருகருகே அமர்வர். எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன என்பர். பொன்னாடை போர்த்தப்பெற்றுக் கலைவர். இக்கூட்டங்களை நாம் பழிக்கவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம்: அந்த மேடையைக் கட்டிய கூலியாள் தன் பிறப்பின் பெயரால் இழிவுபடுத்தப்படும்போது, அம்மூவரும் எங்கே நிற்கின்றனர்? நல்லிணக்கத்தின் உரைகல் இந்தக் கேள்வியேயாகும்.

நபித்துவத்திற்கு முன், மக்காவில் ஒரு நிகழ்ச்சி. யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கைப் பெற்ற குறைஷித் தலைவர் ஒருவர் விலை கொடுக்க மறுத்தார். ஊரில் நாதியற்ற அந்த வணிகர் கஅபாவின் அருகே நின்று முறையிட்டார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் சில குலத்தார் கூடி, அநீதிக்கு ஆளானவர் எவராயினும் அவருக்கு உரியது கிடைக்கும்வரை ஒன்றாய் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். இளைஞராயிருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அதில் பங்கு கொண்டார்கள். கூடியிருந்தோர் சிலைகளை வணங்கியவர்கள். எனினும், இஸ்லாம் வந்த பின்னரும் அதன் பெயரால் அழைக்கப்பட்டால் தாம் இணங்குவதாக நபிகளார் கூறினார்கள். நீதிக்காகக் கைகோக்க ஒரே கலிமா வேண்டுமென்பதில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று யாது?

இதனை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். 1981 பிப்ரவரியில் அன்றைய நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்கள் இஸ்லாத்தைத் தழுவினர். நாடே அதிர்ந்தது. அரபு நாட்டுப் பணம் வேலை செய்தது என்றனர். தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் பட்ட இழிவு என்ன என்று கேட்டோர் மிகச் சிலரே. பணத்திற்காக மாறினர் என்பது அவர்களுக்கு மானம் என ஒன்று இருக்க முடியாது என்று சொல்வதற்கு ஒப்பாகும். அந்த வசைக்கு அன்று நாம் விடை கூறினோம். ஆனால் அதற்குப் பின் வந்த கேள்விக்கு நம் சமுதாயம் இன்னும் முழு விடை கூறவில்லை.

அக்கேள்வி இது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, இந்து அல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிறுத்தப்பட்டனர். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. கிறிஸ்தவ சமயத் தலைவர்கள் இதற்காக ஆண்டுதோறும் குரல் எழுப்புகின்றனர். நம்மில் பலர் வாளாவிருக்கின்றனர்.

ஏன் என்றால், "இஸ்லாத்தில் சாதி இல்லை, சலுகை கேட்டால் சாதி உண்டென்று ஒப்புக்கொண்டதாகும்" என்பர். கேட்கச் செவிக்கு இனிய வாதம். ஆனால் 2007இல் தமிழக அரசு நமக்களித்த 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டை நாம் பெறுவது எப்படி? லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, துதேகுலா, மாப்பிள்ளா, அன்சார், ஷேக், சையத் என்று பிரிவின் பெயர் எழுதிய சான்றிதழைக் காட்டியல்லவா? நம் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வேண்டும்போது பிரிவின் பெயர் குற்றமில்லை. சேரியிலிருந்து வந்த சகோதரன் கேட்கும்போது மட்டும் அது கொள்கைக்கு இழுக்கோ?

மார்க்கத்தில் சாதி இல்லை என்பது சத்தியம். அந்தச் சத்தியத்தை ஊர் ஏற்றுக்கொண்டதா என்பதே சட்டத்தின் முன்னுள்ள வினா. கலிமா சொன்ன அன்று மாலையே அவனுக்கு நிலம் வந்துவிடுமா? தேநீர்க் கடைக்காரன் பார்வை மாறிவிடுமா? பெயர் அப்துல்லாஹ் ஆனாலும் அவன் பாட்டன் யார் என்பதை ஊர் மறப்பதில்லை. ஈமான் உள்ளத்து நோயைத் தீர்க்கும். பிறர் கையால் பட்ட காயத்திற்கு மருந்திடும் கடமை அரசுடையது.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்கிறோம், உண்மை. தொழுகை முடிந்து பெண் கேட்டு வந்தால்? "கஃபாஅத் பார்க்க வேண்டும்" என்கின்றனர் நம்மவர். ஹனஃபி, ஷாஃபிஈ நூல்களில் வமிசமும் தொழிலும் அவ்விடத்தில் பேசப்பட்டுள்ளன என்பதை நாம் மறைக்கவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டார்கள் என்பதையும் உடன் சொல்ல வேண்டுமல்லவா? மேலும், கஃபாஅத் என்பது பெண்ணும் அவளுடைய வலீயும் விரும்பினால் விட்டுக்கொடுக்கத்தக்க உரிமை. எழுப்பி வைத்த மதில் அன்று. இரத்தம் குத்தியெடுக்கும் தொழில் செய்த அபூஹிந்த் (ரலி) அவர்களுக்குப் பெண் கொடுங்கள், அவர் வீட்டில் பெண் எடுங்கள் என்று பனூ பயாளாக் குலத்தாரைப் பணித்தவர்கள் நபி (ஸல்) அவர்களேயன்றோ? பிலால் (ரலி) அவர்களின் தாயைச் சுட்டி இழிவாகப் பேசிய அபூதர் (ரலி) அவர்களிடம், உம்மில் இன்னும் ஜாஹிலிய்யத் இருக்கிறது என்று கடிந்ததும் அதே திருநாவு அன்றோ? அந்தக் கடிதல் இன்று நம் நிக்காஹ் மஜ்லிஸ்களுக்கு உரியதாயிருக்கிறது.

இந்நோய் நம்மிடம் மட்டும் உள்ளதன்று. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் செல்ல வைத்தியநாத ஐயர் தம் சொந்தச் சாதியாரையே எதிர்க்க வேண்டியிருந்தது. திருச்சிக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி பிரித்துவைத்த சுவரை எதிர்த்துக் கிறிஸ்தவரே போராடினர். தம் வீட்டுக் குற்றத்தைத் தாமே எதிர்ப்பவர்களுக்குத்தான் பிறர் வீட்டு நீதி பற்றிப் பேசும் தகுதி உண்டு. நீதிக்குச் சாட்சியாளராய் நில்லுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயிருப்பினும் சரியே என்பது திருமறையின் நான்காம் அத்தியாயம் நமக்கிட்ட கட்டளை.

ஆதலால் நாம் வேண்டுவன மூன்று. புதிதாய் வந்தவரின் பெயர் மஹல்லாப் பதிவேட்டில் சந்தாதாரராக மட்டுமன்றி நிர்வாகியாகவும் இடம்பெறட்டும். மதத் தடையை நீக்கும் கோரிக்கையில் நம் ஜமாஅத்துகள் கிறிஸ்தவருடன் வெளிப்படையாய்க் கையொப்பமிடட்டும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்டோரின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது வெளிப்பட்டதே. அத்தகைய கொடுமை நேரும்போது, பாதிக்கப்பட்டவர் முஸ்லிமல்லர் என்று மிம்பர்கள் மௌனம் காக்க வேண்டா. யமன் வணிகரிடம் அன்று எவரும் மார்க்கம் கேட்கவில்லை.

ஸஃப்பில் நாம் காக்கும் நேர்மையைத் தெருவிலும், திருமணப் பந்தலிலும், மனுக் கொடுக்கும் வாயிலிலும் காக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.