திறந்த கதவும் திரும்பாத ஆசிரியையும்

2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 25 ஆம் திகதி, திங்கட்கிழமை. யான் கற்பிக்கும் பாடசாலையில் ஆறு மாதகாலம் பூட்டிக்கிடந்த வகுப்பறையொன்றை அன்று காலை திறந்தேன். கரும்பலகையில் ஏப்ரல் மாதத்துத் திகதியொன்று வெண்கட்டியால் எழுதியபடியே இருந்தது. அதன் கீழ் ‘வினைத்தொகை’ என்ற தலைப்பும், எடுத்துக்காட்டாக யான் எழுதிய ‘ஊறுகாய்’ என்ற சொல்லும் அழியாதிருந்தன. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்தையும் ஒரு சொல் தாங்கி நிற்பதை விளக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே பாடம் நின்றுபோயிருந்தது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கே அன்று அழைப்பு. மேல்வகுப்பினர் நவம்பரிலேதான் வரவிருந்தனர். வெற்று வாங்குகளைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். பலகையை அழிக்கக் கை எழவில்லை.

பாடசாலை திறந்துவிட்டது என்று ஊரெல்லாம் மகிழ்ந்த நாள் அது. யானும் மகிழ்ந்தேன். ஆயினும், எவரெவர் திரும்பி வந்தனர், எவரெவர் திரும்பவில்லை என்ற கணக்கை அன்று எவரும் எடுக்கவில்லை. மாணாக்கர் வரவைப் பதியும் இடாப்பு நம்மிடம் உண்டு. திரும்பி வராத ஆசிரியர்க்கு இடாப்பு இல்லை. அவ்விடாப்பைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் எழுதத் துணிகின்றேன்.

நடந்தவற்றை நினைவூட்டிக்கொள்வது நன்று. நோய்க்கு அஞ்சி எங்கள் பாடசாலைகள் முதன்முறை மூடப்பட்டது 2020 மார்ச் 13 ஆம் திகதி. ஒரு வாரத்தில் ஊரடங்குச் சட்டம் வந்தது. ஏப்ரலில், புதுக்கடைக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள பண்டாரநாயக்க மாவத்தை முடக்கப்பட்டு, அங்கிருந்த குடும்பங்கள் பஸ் வண்டிகளில் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஜூலையிற் படிப்படியாகத் திறந்த பாடசாலைகள், ஒக்டோபரில் இரண்டாவது அலை எழுந்தபோது மீண்டும் மூடப்பட்டன. கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. 2021 ஜனவரியில் ஏனைய மாகாணங்களிற் பாடசாலைகள் திறந்தபோதும், மேல் மாகாணத்துப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் மார்ச் மாதம்வரை காத்திருந்தனர். ஏப்ரல் இறுதியில் மீண்டும் மூடல். இவ்விடர் நமக்கு மட்டும் வந்ததன்று. 2020 ஏப்ரலில் உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணாக்கர் பாடசாலை செல்ல இயலாதிருந்தனர் என யுனெஸ்கோ கணக்கிட்டது.

அக்காலத்திற் பாடம் முற்றாக நின்றுவிடவில்லை. நேத்ரா தொலைக்காட்சியில் தமிழ்மொழிப் பாடங்கள் ஒளிபரப்பாயின. வட்ஸ்அப் வழியே பயிற்சித் தாள்களை அனுப்பினோம். சூம் என்னும் செயலியில் முகமறியாச் சதுரங்களைப் பார்த்து இலக்கணம் சொன்னோம். ஓரறை வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி. அதுவும் தந்தை வேலைக்குப் போகும்போது அவரோடு போய்விடும். “ரீலோட் முடிந்துவிட்டது, சேர்” என்ற செய்தி வந்ததும் அப்பிள்ளையின் சதுரம் மறைந்துவிடும். 1945 இல் இந்நாடு பெற்ற இலவசக் கல்வி, காசுள்ள கைக்கே எட்டும் பொருளாக மாறுவதை என் கண்ணாற் கண்டேன்.

இனி என்னைப்பற்றி ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். அந்த இருபது மாதங்களிலும் என் சம்பளம் ஒரு மாதமேனும் தவறவில்லை. யான் அரசாங்கத்து ஆசிரியன். பாடசாலை மூடியிருந்தாலும் என் பதவி திறந்தேயிருந்தது. நோய்க்கு அஞ்சினேன், பசிக்கு அஞ்சவில்லை. இவ்விரு அச்சங்களுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு உணர்த்தியவர் என் மாணவி ஒருவர்.

அவர் எங்கள் ஒழுங்கையிலேயே வசித்தவர். உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் கற்றவர். வெள்ளவத்தைப் பக்கத்தில் ஒரு தனியார் கல்விக்கூடத்தில் ஏழாண்டுகள் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 2020 ஏப்ரலிற் பாதிச் சம்பளம் வந்தது. மே மாதத்தில் ஒன்றும் வரவில்லை. ஜூனில், பாடசாலை வழமைக்குத் திரும்பியதும் அறிவிப்பதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதற்குப்பின் அறிவித்தல் எதுவும் வரவில்லை. ஊரடங்கு தளர்ந்த ஒருநாள் விடியற்காலையில், இடியப்பப் பெட்டியுடன் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவரை ஒழுங்கை முகப்பிற் கண்டேன். பெட்டியைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

“பிள்ளை, உமக்கு நியமனக் கடிதம் தந்திருக்கிறார்களா?” என்று கேட்டேன்.

“கடிதமொன்றும் இல்லை, சேர். வரச் சொன்னார்கள், போனேன். இப்போது வரவேண்டாம் என்கிறார்கள். நாங்கள் தற்காலிகம்தானாம்,” என்றார். ஏழாண்டுத் தற்காலிகம்!

புதுக்கடையில் வாழ்பவனுக்குக் கடிதத்தின் அருமை நன்கு விளங்கும். நீதிமன்ற வளவைச் சுற்றிக் காலைதோறும் கோவைகளை மார்போடணைத்து நிற்கும் மாந்தரைப் பார்த்தே யாம் நாட்களைத் தொடங்குகின்றோம். காணிக்கு உறுதி இல்லாதவன் வழக்கின் வாசலிலேயே தளர்ந்துபோவதை இங்குள்ள சிறு பிள்ளையும் அறியும். வேலைநீக்கத்துக்கு நிவாரணம் கோருவோர்க்காக, 1957 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தொழில் நியாய சபைகள் நாட்டில் அமைந்தன. 1958 ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியைத் தந்தது. அந்நிதிக்கு இன்று தொழில்தருநர் நூற்றுக்கு 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்தவேண்டும். நல்ல சட்டங்களே. ஆயினும், கடிதமுமின்றி இடாப்பிற் பெயருமின்றி வேலைசெய்தவர், தாம் ஊழியர் என்பதையே முதலில் நிறுவவேண்டியவராகின்றார். இடியப்பம் அவித்து நாட்கழிப்பவருக்கு அதற்கு நேரமேது, பொருளேது?

என் போன்றோர் அனுபவிக்கும் பாதுகாப்பும் வானத்திலிருந்து விழுந்ததன்று. எனக்கு இலக்கணம் கற்பித்த பண்டிதர், முகாமையாளர் காலத்தில் தொழிலைத் தொடங்கியவர். முகாமையாளர் முகம் கோணினால் வேலை போகும் என்ற அச்சத்தோடு தம் இளமைக்காலம் கழிந்ததை அவர் அடிக்கடி சொல்லுவார். 1960 டிசம்பர் முதல் உதவிபெறும் பாடசாலைகளின் நிருவாகத்தை அரசாங்கம் பொறுப்பேற்றது. அப்பொறுப்பேற்பின் நன்மை தீமைபற்றி இன்றும் இருவேறு கருத்துகள் உள. எனினும், ஆசிரியரின் பிழைப்பு ஒருவர் முகக்குறிப்பில் தொங்கிய நிலை அரசாங்கப் பாடசாலைகளில் அத்துடன் ஒழிந்தது என்பதை யாவரும் ஒப்புவர். அன்று ஒழிந்ததாக யாம் எண்ணிய அதே நிலை, எங்கள் ஒழுங்கையில் இடியப்பப் பெட்டியோடு நின்றது.

2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகியதை வாசகர் மறந்திரார். சங்கத் தலைவர்கள் கைதாகித் தனிமைப்படுத்தலுக்கு அனுப்பப்பட்டமையும், 1997 முதல் தீராதிருந்த சம்பள முரண்பாடும் அதற்குக் காரணங்கள். யானும் விலகினேன். அக்கோரிக்கை நியாயமானதென அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகின்றேன். பிள்ளைகளின் படிப்பைப் பணயம் வைத்தீர்களே என்று பெற்றோர் கேட்டபோது, அக்கேள்வியிலும் நியாயம் இருந்ததால் தலைகுனிந்தேன். ஆனால் என்னை இன்றும் உறுத்துவது வேறு. சம்பளம் குறைவென்று முழங்கிய யான், சம்பளமே இல்லாத ஆசிரியர்க்காக ஒரு கூட்டத்திலேனும் எழுந்து பேசவில்லை. அவர் அடுத்த வீட்டிலே இருந்தார். அவரும் ஆசிரியர் என்பது அந்த மேடைகளில் எனக்கு நினைவில் வரவில்லை.

தனியார் கல்விக்கூடம் நடத்துவோர் பக்கத்திலும் ஒரு வழக்கு உண்டு. பெற்றோரும் வேலையிழந்தனர்; கட்டணம் வரவில்லை; கட்டட வாடகை நிற்கவில்லை. எங்கிருந்து சம்பளம் கொடுப்பது என்று அவர்கள் கேட்பது பொய்யன்று. ஆயின் அச்சுமை ஒரு தோளில் மட்டும் விழுந்ததேன் என்பதே என் கேள்வி. 2020 மே மாதத்தில் அரசாங்கமும் தொழில்தருநரும் தொழிற்சங்கங்களும் கூடி, வேலைக்கு அழைக்கப்படாத தனியார்துறை ஊழியர்க்கு அடிப்படைச் சம்பளத்திற் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றுள் எது கூடுதலோ அதைக் கொடுப்பதென ஓர் இணக்கத்துக்கு வந்தனர். இந்தியாவின் தெலங்கானா மாநில அரசு 2021 ஏப்ரலில், வருவாய் இழந்த தனியார் பாடசாலை ஆசிரியர்க்கும் ஊழியர்க்கும் மாதம் 2,000 ரூபாவும் 25 கிலோ அரிசியும் வழங்க முன்வந்தது. தொகை சிறிதே. எனினும், ஓர் அரசு நினைத்தால் வழியுண்டு என்பதற்கு அது சான்று.

ஆசிரியத் தொழில் புனிதமானது, அதனைக் கூலியால் அளக்கலாமா என்று கேட்போர் உளர். தமிழைத் தொழிலாகக் கொண்டவனாதலின் இவர்களுக்கு விடைகூறும் கடமை எனக்குண்டு. நன்னூலார் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறினார். மழை பொய்த்த காலத்தும் சுனைநீர் தருவது மலை என்பது உவமையின் ஒரு கூறு. மெய்தான். ஆனால் மலைக்காட்டை வெட்டியவன் சுனை வற்றியதென்று மலையைப் பழிக்கலாமோ? நாவலர் பெருமான் ஊதியம் கருதாது கற்பித்தார் என்றும் சொல்வர். அவர் தாமே விரும்பித் துறந்தார். பிறர் கையிலுள்ளதைப் பறித்துவிட்டு அதற்குத் துறவு என்று பெயரிடுதல் தகாது. ஆசிரியர் தினத்தன்று வெற்றிலை கொடுத்து வணங்குகின்றோம். மறுநாள் அடுப்பெரிய வழி உண்டா என்று கேட்பதும் அவ்வணக்கத்தின் பகுதியே.

இதனை ஆசிரியர் நலமாக மட்டும் கருதவேண்டாம். பாடசாலைகள் திறந்தபின் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுள், முதலாம் வகுப்பை முறையாகக் காணாதவர் பலர். எழுத்துக் கூட்டத் தெரியாமல் திகைத்தனர். அத்தகைய பிள்ளைக்கு, தன்னை அறிந்த ஆசிரியரே முதல் மருந்து. எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுக்கும், எந்தப் பிள்ளை பசியோடு வரும், எந்த வீட்டில் அண்மையில் ஒருவரை இழந்தார்கள் என்பதெல்லாம் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. என் மாணவி கற்பித்த வகுப்பிலும் அத்தகைய முப்பது பிள்ளைகள் இருந்தனர். அவர்களை வரவேற்க, அவர்களுடைய பெயரையும் அறியாத புதியவர் ஒருவர், இன்னுங் குறைந்த சம்பளத்துக்கு, அவரும் கடிதமின்றி, அமர்த்தப்பட்டார்.

இந்நோயோடு மூடல்கள் முடிந்துவிடவுமில்லை. 2022 ஜூனில் எரிபொருட் தட்டுப்பாட்டாற் கொழும்புப் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டதை மறத்தலாகாது. நோயோ வெள்ளமோ பஞ்சமோ, அடுத்த மூடல் எப்போது வருமென்று எவரறிவார்? அதற்குமுன் செய்யத்தக்கவை மிகப் பெரியன அல்ல. கற்பிக்கும் எவர்க்கும், முன்பள்ளி ஆசிரியை உட்பட, முதல் நாளிலேயே நியமனக் கடிதம் கொடுக்கவேண்டும். சேமலாப நிதி தவறாது செலுத்தப்படுகின்றதா என்று தொழில் திணைக்களம் நேரிற் சென்று பார்க்கவேண்டும். நல்ல காலத்தில் வாங்கும் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை மூடற்காலச் சம்பளத்துக்கென ஒதுக்கிவைத்தல் வேண்டும். மீளத் திறக்கும்போது பழைய ஆசிரியரை முதலில் அழைத்தபின்னரே புதியவரைத் தேடவேண்டும். பெற்றோரும், பிள்ளையைச் சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்பதுபோல, இங்கு ஆசிரியர்க்குக் கடிதம் உண்டா என்று கேட்கப் பழகவேண்டும். எங்கள் சங்கங்கள் அடுத்தமுறை கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, இவர்களுக்கும் அதில் ஒரு வரி இருத்தல் வேண்டும். அவ்வரியை எழுதும்படி கேட்க, இம்முறை யான் எழுந்து நிற்பேன்.

என் மாணவி இன்று புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையிற் கணக்கெழுதுகின்றார். அங்கு அவருக்கு நியமனக் கடிதமும் உண்டு, சேமலாப நிதியும் உண்டு. சென்ற தீபாவளிக்குத் துணி வாங்கப் போனபோது பற்றுச்சீட்டை எழுதித் தந்தார். சிறு பிள்ளைகள் பார்த்துப் பழகும் கரும்பலகையில் இருக்கவேண்டிய அந்த அழகிய, வட்டமான எழுத்து, பற்றுச்சீட்டின் கோடுகளுக்கிடையே அடங்கிக் கிடந்தது. “மீண்டும் படிப்பிக்க விருப்பமில்லையா, பிள்ளை?” என்று கேட்டேன். “விருப்பம் இருக்கிறது, சேர். பயமும் இருக்கிறது,” என்று சொல்லி மிச்சக் காசை எண்ணித் தந்தார்.

அந்தப் பயத்தைப் போக்குவது அவருடைய கடமையன்று; நம்முடையது. அது போகும்வரை, பாடசாலைகள் முற்றாகத் திறந்துவிட்டன என்று என்னாற் சொல்ல இயலாது.