உலகம் சுருங்கிவிட்டதாமே!

உலகம் சுருங்கிவிட்டது என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சென்ற வாரம் என் நண்பர் ஒருவரும் அதையே சொன்னார். "தூரம் என்பதே செத்துப் போய்விட்டது, சார்! விஞ்ஞானம் அதைக் கொன்றுவிட்டது" என்றார். நண்பர் படித்தவர்தாம். ஆனால் அவர் சொன்னது சுத்தத் தவறு.

பின்லாந்தின் ஹெல்சிங்கியையும் ஜப்பானின் டோக்கியோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர் வழியில் சுமார் 7,800 கிலோமீட்டர். 1983-ல் பின்லாந்து விமானக் கம்பெனி நடுவில் எங்கும் நிற்காமல் டோக்கியோவுக்கு விமானம் விட்டது. பிரயாணம் சுமார் 13 மணி நேரம். ஏன்? நேர் வழி சோவியத் நாட்டின் மேலே போகிறது. அப்படிப் பறக்க வழியில்லை. ஆகவே வட துருவத்தின் மேலே போய், அலாஸ்காப் பக்கம் இறங்கித் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டார்கள். பிற்பாடு நேர் வழி திறந்தது; பிரயாணம் ஒன்பதரை மணி அளவுக்குக் குறைந்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடின. பதிலுக்கு ரஷ்யாவும் மூடிற்று. மறுபடியும் வட துருவம். மறுபடியும் 13 மணி! துருவத்தைக் கடந்ததற்காகப் பிரயாணிகளுக்கு ஒரு சான்றிதழ் வேறு கொடுத்தார்கள்.

நான் கேட்கிறேன்: அன்று பறந்தது மூன்று எஞ்சின் விமானம். இன்று பறப்பது இரண்டே எஞ்சினில், குறைந்த எண்ணெயில் ஓடும் புது விமானம். நாற்பது வருஷ விஞ்ஞானம் எங்கே போயிற்று? நேர் வழி மிச்சம் பிடித்துக் கொடுத்த மூன்றரை மணியை மந்திரிகள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தன் நிலத்துக்கு மேலுள்ள வானம் முழுக்க அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்று 1944-லேயே சிகாகோவில் ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. வானத்துக்கும் வேலி உண்டு, ஐயா!

"படையெடுத்தவனுக்கு வானத்தை மூடியது குற்றமா?" என்று கேட்பீர்கள். குற்றம் என்று நான் சொல்லவில்லை. சொகுசு ஆசனத்தில் மூன்றரை மணி கூடுதலாக உட்கார்ந்திருப்பதும் பெரிய துன்பமில்லை. துன்பம் வேறிடத்தில் இருக்கிறது. அதே 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி உக்ரேனின் வானம் பிரயாணி விமானங்களுக்கு மூடப்பட்டது. அன்றுமுதல் கீவ் நகரத்து மனிதன் முதலில் தரை வழியாக எல்லையைத் தாண்டவேண்டும். அதற்கப்புறம்தான் அவனுக்கு விமானம். அவனிடம் போய்த் தூரம் செத்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள்!

தூரத்தை அளப்பது கிலோமீட்டர் அல்ல. பக்கத்து வீட்டுக்காரனோடு பேச்சுவார்த்தை நின்றுபோனால், நாலடி தூரத்தில் இருக்கும் அவன் வீட்டு வாசல் எத்தனை தூரமாகிவிடுகிறது என்பது நமக்குத் தெரியாதா? தேசங்களின் கதையும் அதுதான். விமானம் வேகமாகப் பறக்கும்; மனிதர்கள் வழிவிட்டால்.