இரண்டே தந்தி!

'எர்ஹூ' என்று ஒரு சீன வாத்தியம். பார்த்தால், "இதிலா சங்கீதம் வரப்போகிறது?" என்றுதான் கேட்பீர்கள். நீண்ட கழி ஒன்று, அடியில் மலைப்பாம்புத் தோல் போர்த்த சின்னக் குடம், இரண்டே தந்திகள். வில்லின் மயிர் அந்த இரண்டு தந்திகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். பிடிலில் விரல் தந்தியைப் பலகைமேல் அழுத்துகிறதல்லவா? இதில் பலகையே கிடையாது. விரல் அந்தரத்திலே தந்தியைத் தொட்டு வழுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் நாதம் மனிதக் குரல் மாதிரி நெகிழ்கிறது, விம்முகிறது.

வூஷி நகரத் தெருக்களில் இதை வாசித்துப் பிழைத்தவர் ஆபிங் என்ற கண்ணிழந்த கலைஞர். 1950-ல் யாங் இன்லியூ என்ற சங்கீத அறிஞர் ஒலிப்பதிவுக் கருவியோடு அவரைத் தேடிப் போனார். எர்ஹூவில் மூன்று, 'பீப்பா' என்ற நாலு தந்தி வாத்தியத்தில் மூன்று, ஆக ஆறு உருப்படிகள் பதிவாயின. அந்த வருஷக் கடைசியிலேயே ஆபிங் காலமாகிவிட்டார். (யாங் சில மாதம் தாமதித்திருந்தால்? நினைத்தாலே பகீரென்கிறது!)

ஆறில் ஒன்று, ஊற்று நீரில் தெரியும் நிலவின் பெயரைக் கொண்டது. பிற்பாடு வூ ஸூச்சியாங் அதை மேற்கத்திய தந்தி வாத்தியக் கோஷ்டிக்கு அமைத்தார். பிடில், வியோலா, செலோ எல்லாம் உண்டு. எர்ஹூ மட்டும் இல்லை! 1978-ல் ஜப்பானிய இசை நடத்துநர் ஸெய்ஜி ஒஸாவா பீக்கிங்கில் அதை நடத்தினார். பிறகு அங்குள்ள சங்கீதக் கல்லூரியில் ஜியாங் ஜியான்ஹுவா என்ற மாணவி அதையே எர்ஹூவில் தனியாக வாசித்தாள். ஒஸாவா கண்ணீர் விட்டுவிட்டார். முன்னமே இதைக் கேட்டிருந்தால் கோஷ்டியை நடத்தத் துணிந்திருக்கவே மாட்டேன் என்றாராம்; மண்டியிட்டுக் கேட்கவேண்டிய சங்கீதம் என்றும் சொன்னாராம்.

ஏன் அப்படி? ஒருவர் விரல் வழுக்குவது வேறு. முப்பது பேர் ஒரே கணத்தில் ஒரே அளவு வழுக்குவது வேறு. கோஷ்டியில் கம்பீரம் கூடும். அந்த விம்மல் கரைந்துபோகும்.

அதற்காக இரண்டும் ஒட்டவே ஒட்டாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! 1959-ல் ஷாங்காய் சங்கீதக் கல்லூரி மாணவர்கள் ஹே ஜான்ஹாவ், சென் காங் இருவரும் காரியத்தைத் தலைகீழாகச் செய்தார்கள். பிடிலை எர்ஹூவிடம் பாடம் கேட்க அனுப்பினார்கள்! எடுத்துக்கொண்டது பழைய காதல் கதை. ஆண் வேஷம் போட்டுக்கொண்டு படிக்கப் போகிறாள் ஒரு பெண். கடைசியில் காதலர் இருவரும் வண்ணத்துப்பூச்சிகளாகிறார்கள். யூ லினா என்ற மாணவி பிடில் வாசித்தாள். பின்னால் முழு ஆர்க்கெஸ்ட்ரா; முன்னால் பிடிலோ சீன நாடக மேடைப் பாடகி மாதிரி புலம்புகிறது. இன்றும் உலகெங்கும் வாசிக்கிறார்கள். காதலன் கல்லறைமுன் அவள் கதறும் இடம் வரும்போது, கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும்.