அசைவுக்கும் ஓர் அளவு

இணையப் பக்கங்களில் படங்கள் நகர்வதையும் எழுத்துகள் மின்னுவதையும் காண்கிறீர்கள். அவை எப்போது தொடங்க வேண்டும், எத்தனை விநாடி நீடிக்க வேண்டும், எத்தனை முறை திரும்ப நிகழ வேண்டும் என்பனவற்றைப் பக்கத்தை வடிவமைப்பவரே சிஎஸ்எஸ் என்னும் கணினி மொழியில் எழுதி வைக்கிறார்.

இந்த நேரக் கணக்கு அழகுக்காக மட்டுமன்று. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘போக்கிமான்’ சித்திரத் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி அதிவேகமாக மின்னின. அதைப் பார்த்தவர்களில் 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறார்கள், வலிப்பும் மயக்கமும் கண்டு மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

இத்தகைய தீங்கைத் தவிர்க்கவே, டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட நெறிமுறைகள், விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. தானே தொடங்கி 5 விநாடிக்கு மேல் நீளும் அசைவாயின், அதை நிறுத்தப் பார்ப்பவருக்கு வழி இருத்தல் வேண்டும்.

அசைவைக் கண்டால் தலைசுற்றுவோர் உங்கள் இல்லத்தில் உண்டா? கைபேசி அமைப்புகளில் அசைவைக் குறைக்கும் வசதியை இயக்கி வையுங்கள். அதனை மதித்து அமைக்கப்பட்ட பக்கங்கள் அடங்கி நிற்கும். கணினி பயிலும் உங்கள் பிள்ளைகளிடமும் இதனை எடுத்துரையுங்கள். பக்கத்தை அழகுபடுத்தும்போதே, அதைக் காண்போரின் நலனையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.